விளக்கு அணைந்தால் யார் சொல்வது?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

மின்சாரம் நின்றவுடன் நம் வீடுகளில் நடப்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒருவர் தீப்பெட்டியைத் தேடுவார். ஒருவர் மெழுகுவத்தியைப் போன தடவை எங்கே வைத்தோம் என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். இன்னொருவர் வாசலுக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்ப்பார். எதிர்வீட்டிலும் இருட்டாக இருந்தால், “அங்கேயும் இல்லை, பொதுவாகத்தான் போயிருக்கிறது” என்று நிம்மதியோடு திரும்பி வந்து விசிறியைக் கையில் எடுத்துக் கொள்வார். நம் வீட்டில் மட்டும் போனால் கவலை. தெருவுக்கே போனால் ஆறுதல்! இந்த விந்தையான ஆறுதலைப் பற்றித்தான் நான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். ஏனெனில், தெருவுக்கே போய்விட்டது என்று தெரிந்த மறுகணமே, அதை உரியவர்களிடம் தெரிவிக்கும் கடமை தமக்கு இல்லை என்று தெருவில் உள்ள அத்தனை பேரும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

“இ.பி. ஆபீசுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். பல நேரங்களில் தெரியாது என்பதே உண்மை. மின்வாரியத்தில் லைன்மேனாக வேலை பார்க்கும் எங்கள் உறவினர் ஒருவர் இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்கே இது புரிந்தது. துணை மின்நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் புறப்படும் கம்பி வழிக்கு ஃபீடர் என்று பெயர். ஒரு ஃபீடரை நம்பிப் பல ஊர்களின் டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. அந்த ஃபீடர் முழுவதும் நின்றுபோனால், துணை மின்நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் எரிந்து போனாலோ, மரக்கிளை விழுந்து பத்து வீட்டுக்குப் போகும் கம்பி மட்டும் அறுந்தாலோ, அங்கே அவருக்கு எதுவும் தெரிவதில்லை. அவருடைய கணக்கில் நம் தெரு வெளிச்சமாகவே இருக்கிறது. யாராவது சொன்னால்தான் உண்டு.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் என் மாமா வீட்டுத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏறக்குறைய இருபது வீடுகள் உள்ள சிறிய தெரு அது. ஒரு நாள் மாலை இடியுடன் மழை பெய்து மின்சாரம் நின்றது. பக்கத்துத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் என்பதால் அங்கே விளக்கு எரிந்தது. ஒரு இரவு போயிற்று. மறு இரவும் போயிற்று. “சொல்லியிருப்பார்கள், வருவார்கள்” என்று ஒவ்வொரு வீட்டாரும் மற்றவரை நம்பி இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, அந்தத் தெருவில் இட்லிக்கடை நடத்தும் ஆயா, கிரைண்டர் ஓடாமல் இரண்டு நாளாகக் கடை போட முடியாத கோபத்தில், குடையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே நடந்து போய்விட்டார். அங்கே இருந்தவர் புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன ஆயா, ரெண்டு நாளாவா கரண்டு இல்ல? உங்க தெரு பேரே இதுல இல்லையே!” என்றாராம். அரை மணி நேரத்தில் ஆள் வந்து ஃபியூஸ் போட்டுவிட்டுப் போனார். இருபது வீட்டில் எத்தனை தொலைபேசிகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்த ஆயாவிடம் ஒன்றுகூட இல்லை.

நம்மைப் போல் கடற்கரையை அடுத்து வாழ்வோருக்கு மின்சாரம் நிற்கப் பெரும்புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலையில் அரை மணி நேரம் சுழற்றி அடிக்கும் கோடை மழையே போதும். முருங்கை மரம் ஒடிவதற்கென்றே வளர்ந்தது போல் கம்பிமேல் சாயும். தென்னை மட்டை விழும்போது இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு விழும். அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உப்புக்காற்று வேறு இருக்கிறது. கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான்மேல் உப்பு நாளடைவில் படிந்துவிடும். பெருமழை பெய்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். தூறல் மட்டும் விழுந்தால் உப்பு ஈரமாகி அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்கும். “ஒரு தூறலுக்கே கரண்டு போச்சு பார்” என்று நாம் கேலி செய்கிறோமே, அதற்குள் இப்படி ஒரு காரணமும் ஒளிந்திருக்கிறது. வயல் ஓரங்களிலோ மண் ஊறி, கம்பங்கள் காற்றுக்கு முன்பாகவே சாயத் தயாராக நிற்கும். காற்று வலுக்கும் முன்னரே, அறுந்து விழும் கம்பியால் உயிர்ச்சேதம் நேராதிருக்க, வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. அதற்காகத் திட்டுவது நியாயமன்று.

இனிப் பெரும்புயலுக்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எனக்கு எட்டு வயது. அன்று சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துவிட்டன. எங்களுக்கு மின்சாரம் இல்லை என்றால் தண்ணீரும் இல்லை என்பதை அப்போதுதான் கண்டோம். மோட்டார் ஓடாதபோது மேல்நிலைத் தொட்டி வெறும் சிமெண்டுக் கூடுதானே! வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தண்ணீர் ஏற்றினார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் காசு கொடுத்தார்கள். கேரளம், ஆந்திரம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அந்த வேலையில் உயிரை இழந்தவர்களும் உண்டு.

அந்தப் புயலைப் பற்றித் தொலைக்காட்சியில் நாள் முழுவதும் சொன்னார்கள் என்று அம்மா கூறுவார். எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, எந்நேரம் கரையைக் கடக்கும், காற்றின் வேகம் என்ன என்பதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வந்ததாம். மழைக்கோட்டு அணிந்த செய்தியாளர் காற்றில் ஆடிக்கொண்டே பேசுவதைப் பார்ப்பதற்கு என்றே ஒரு கூட்டம் உண்டு. (எங்களுக்கு முன் படித்த அக்காமாருக்கெல்லாம் 2016இல் ஓய்வு பெற்ற வானிலை அதிகாரி ரமணன் அவர்கள்தான் விருப்பமான மனிதராம், அவர் ‘கனமழை’ என்றால் மறுநாள் விடுமுறை!) ஆனால் புயல் கரையைக் கடந்ததும் செய்தியும் மெல்ல வேறு பக்கம் போய்விடுகிறது. எங்களுக்கோ துன்பம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். காற்று ஓர் இரவு அடித்தது. இருட்டு வாரக்கணக்கில் இருந்தது. காற்றைப் பற்றி நாட்டுக்கே தெரியும். எந்த ஊரில், எந்தக் கீழத்தெருவில் இருட்டு இன்னும் இருக்கிறது என்பதை யார் எண்ணிச் சொன்னார்கள்?

முதலில் மருத்துவமனை, குடிநீர் நிலையம், நகரம் என்று வரிசைப்படி மின்சாரம் கொடுப்பது சரியே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊர்களுக்குள்ளே எது முதல், எது கடைசி என்பதில், சொல்லத் தெரிந்த ஊருக்கு முதலிடமும் சொல்ல ஆளில்லாத ஊருக்குக் கடைசி இடமும் கிடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. இதில் கொடுமை என்னவென்றால், மின்சாரம் இல்லாத ஊரால்தான் மின்சாரம் இல்லை என்று சொல்லவும் முடிவதில்லை. கைப்பேசியில் சார்ஜ் இராது. கோபுரத்துக்கு மின்சாரம் இராது. அதன் பாட்டரியும் டீசலும் தீர்ந்தபின் அதுவும் ஊமையாகிவிடும். கடற்கரையில் இருட்டாகவும் ஓசையின்றியும் இருக்கும் ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, அது துன்பப்படும் ஊரா, தூங்கும் ஊரா என்று எப்படித் தெரியும்?

நம் நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நாம் அறிவோம். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். 10ஆம் எண் வரையில் ஓரளவுக்கு அப்படித்தான், ஒவ்வோர் எண்ணுக்கும் காற்று கூடும் என்பதில்லை. 11ஆம் எண்ணின் பொருள் அதுவன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் துறைமுகத்துக்கு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக அங்குள்ள அதிகாரியே கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு பெரிய காற்றுக்கும் மேலே செய்தி அறுந்துபோவதை வைத்திருக்கிறார்கள்! இதை ஏற்படுத்தியவர்கள் கடலை நன்றாக அறிந்தவர்களாக இருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாம்பனிலிருந்து சென்ற ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் அலையில் போயிற்று. தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்துவிட்டபடியால் அந்தத் துயரச் செய்தி வெளியே வருவதற்கே தாமதமாயிற்று. எங்கள் தாத்தா காலத்து மனிதர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

ஆகவே, மின்சாரம் நின்றால் தெரிவிப்பதை வெறும் குறை கூறுதலாக எண்ணாமல், ஒரு செய்தியாளரின் வேலையாகவே எண்ண வேண்டும் என்கிறேன். “கரண்டு இல்ல, எப்ப வரும்?” என்று கேட்டு வைத்துவிடுவது செய்தியாகாது. அந்த மாமாவிடம், அதாவது லைன்மேன் உறவினரிடம், உங்களுக்கு என்ன சொன்னால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். வீட்டு மின் இணைப்பு எண் முதலில் வேண்டும் என்றார். அது மீட்டர் அட்டையிலும் பணம் கட்டிய ரசீதிலும் இருக்கிறது. எதிர்ச்சாரி வீடுகளில் விளக்கு எரிகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பதைச் சொல்ல வேண்டும். அதிலிருந்தே பழுது வீட்டிலா, கம்பத்திலா, டிரான்ஸ்பார்மரிலா என்று பாதி ஊகித்துவிடுவார்களாம். ‘டப்’ என்ற சத்தம் எந்தப் பக்கம் கேட்டது, தீப்பொறி பறந்ததா, மரம் எங்கே விழுந்திருக்கிறது, அருகில் உள்ள கம்பத்தின் எண் என்ன என்பவற்றையும் சொன்னால், இருட்டில் மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக டார்ச் அடித்துப் பார்க்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். ஒரு மணி நேரம் மிச்சம் என்றால் அடுத்த தெருவுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் விளக்கு எரியும்.

மின் புகாருக்கு 1912 என்ற எண் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ சேவை மையத்தின் எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இவற்றைக் கைப்பேசிக்குள் பதித்து வைத்தால் போதாது. கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் தெரியும்படி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். புயலன்று அந்த எண்கள் எடுத்த எடுப்பில் கிடைக்கமாட்டா என்பதும் எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் ஆயாவைப் போல் நடக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் முதலாவதாகச் சொல்ல வேண்டியது அறுந்து விழுந்த கம்பி. விளக்கு எரியவில்லையே, கம்பியில் என்ன இருக்கப் போகிறது என்று எண்ணலாகாது. மண்ணில் கிடக்கும் கம்பியிலிருந்து தரைக்குப் பாயும் மின்சாரம் சில சமயம் குறைவாக இருப்பதால் ஃபியூஸ் போகாமலே இருந்துவிடும். கம்பி உயிரோடு கிடக்கும். நின்றுபோன கம்பியிலும், வேறிடத்தில் பழுது பார்த்தவர்கள் எந்த நிமிடத்திலும் மின்சாரத்தை விடலாம். விடியற்காலையில் வயலுக்குப் போன விவசாயி மிதித்தார், மேயப்போன மாடு மிதித்தது என்ற செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாளிதழில் வராமல் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கம்பியை முதல் நாள் மாலையே நாலு பேர் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் ஆள் வரும்வரை தூரத்தில் நின்று பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் தடுக்க வேண்டும். ஈரத் தரையில் கம்பிக்கு அருகில் அகப்பட்டுக்கொண்டவர் நீண்ட அடி எடுத்து வைத்து ஓடக்கூடாது. இரு பாதங்களையும் சேர்த்தே வைத்து, தரையை விட்டு எடுக்காமல் சிறுகச் சிறுக நகர வேண்டும். நம் இரு கால்களுக்கும் இடையே உள்ள தரையிலேயே மின்னழுத்தம் வேறுபடும் என்பதால் இவ்வாறு கூறுகிறார்கள். பௌதிகப் பாடத்தில் மின்னழுத்த வேறுபாட்டை மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோம். அது இதற்கும் உதவும்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முறையான சுவிட்சு வைத்துப் பிரிக்காமல் ஜெனரேட்டரை வீட்டுக் கம்பியோடு இணைத்தால், அந்த மின்சாரம் பின்பக்கமாகக் கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாகப் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகும். அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஒரு தகப்பன் மேலே ஏறியிருப்பார்.

இப்போது நான் சொல்லப்போவதை மதிப்பிற்குரிய சகோதரியரும் பெற்றோரும் தவறாக எண்ணமாட்டார்கள் என நம்புகிறேன். பகலில் மின்சாரம் நின்றால் முதலில் அறிவது யார்? வீட்டில் இருக்கும் பெண்கள். கிரைண்டர் நிற்பதும் மோட்டார் நிற்பதும், தொட்டில் குழந்தை புழுக்கத்தில் அழுவதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் இ.பி. ஆபீசுக்குச் சொல்வது யார் என்றால், “அப்பா வரட்டும்”, “அண்ணன் வந்து பேசட்டும்”. அப்பா இரவு எட்டு மணிக்கு வருவார். காலை பத்து மணிக்கு எரிந்த ஃபியூசைப் பற்றி இரவு எட்டு மணிக்குச் சொல்வது எந்த வகையில் பொருந்தும்? “பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை, கண்ட ஆளோட என்ன பேச்சு?” என்று என் தோழி ஒருத்தியின் வீட்டில் சொன்னார்களாம். கண்ட ஆள் அல்லர் அவர். சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தச் செய்தியைக் கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஓர் ஊழியர். மேடையில் ஏறிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் நாம், “வணக்கம் சார், எங்கள் மின் இணைப்பு எண் இது, எங்கள் தெருவில் இன்ன இடத்தில் கம்பி அறுந்து கிடக்கிறது” என்று இரண்டு வாக்கியம் பேசக் கூசுவானேன்? இதைப் பெண்பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று நான் துணிந்து கூறுகிறேன். நாம்தான் அப்போது அங்கே இருக்கிறோம்.

பேசும்போது மரியாதையாகப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மறுமுனையில் இருப்பவர் காலையிலிருந்து எத்தனை வசவு கேட்டாரோ!

மின்வாரியத்தாரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதென்றால், “நாளை மின்தடை” என்று ஊர்ப்பெயர்களோடு நாளிதழில் அறிவிக்கிறார்கள். மிக நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துத்தான் மாவு அரைக்கும் நாளையே அம்மா முடிவு செய்கிறார். ஆனால் புயலுக்குப் பிறகு, எந்த ஊருக்கு இன்று வேலை நடக்கிறது, எந்த ஊருக்கு இன்னும் மூன்று நாள் ஆகும் என்று அதேபோல் பட்டியல் இட்டுச் சொன்னால் என்ன? மூன்று நாள் ஆகும் என்று தெரிந்தால் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அவரவர் வழி தேடிக்கொள்வார்கள். “இதோ வந்துவிடும்” என்று சொல்லிச் சொல்லி ஏழு நாள் கடத்துவதுதான் சாலையில் மறியலாக முடிகிறது. மின்சாரம் இல்லாத ஊருக்குத் தொலைக்காட்சியில் சொல்லிப் பயனில்லை. ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தாலே போதும்.

இன்னும் ஒன்று. கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள் என்கிறார்களே, அந்த எண் தெரிந்தால்தானே சொல்ல முடியும்? இக்கட்டுரைக்காக ஒரு சனிக்கிழமை நானும் தங்கையும் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மொத்தம் 14 கம்பங்கள். எண் தெளிவாகத் தெரிந்தவை ஐந்து. மூன்றில் சினிமாச் சுவரொட்டியும் கட்சிச் சுவரொட்டியும் ஒட்டியிருந்தன. மற்றவற்றில் வண்ணம் உதிர்ந்து, எட்டா மூன்றா என்று தங்கையும் நானும் சண்டை போட வேண்டியதாயிற்று. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த எண்களை மறுபடி எழுதித் தரும்படி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் 42 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்ற வகுப்புத் தோழியரும் கையெழுத்திட விரும்பினால், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், மதிய உணவு இடைவேளையில், சன்னலோர முதல் பெஞ்சில் அது இருக்கும்.